‘உடம்புச் சூடு’ என்றால் என்ன நோய்? சிறுநீர், இனப்பெருக்க உறுப்பு நோய்களைத் தமிழில் கேட்டறிவோம்



தமிழ்ப்பள்ளியில் நான் ‘சிறுநீரகம்’ என்று படித்த உறுப்பு, இடைநிலைப்பள்ளியில் ‘கின்ஜால்’ ஆனது. மருத்துவப் படிப்பில் அதுவே ‘கிட்னி’ ஆனது. வார்டில் மலாய்க்கார நோயாளிகள் அதைப் ‘புவா பிங்காங்’ என்கிறார்கள். நம் தமிழ் நோயாளிகளோ பெரும்பாலும் உறுப்பின் பெயரையே சொல்வதில்லை. “உடம்பு சூடும்மா, அதான் நீர் எரியுது” என்றுதான் தொடங்குகிறார்கள்.

இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டியதில்லை. வெயிலில் உழைத்து, தண்ணீர் குறைவாகக் குடித்தால் சிறுநீர் கெட்டியாகி மஞ்சளாகப் போகும். சிறிது கடுக்கவும் செய்யும். இளநீர் குடித்தால் சரியாகிவிடும். அந்த அனுபவத்திலிருந்து பிறந்த சொல்தான் ‘சூடு’. ஆனால், வெவ்வேறு நோய்கள் பலவும் இந்த ஒரே சொல்லுக்குள் ஒளிந்துகொள்கின்றன. அவற்றைப் பிரித்தறிய, நாம் தமிழில் சரியான கேள்விகளைக் கேட்க வேண்டும். அதற்கு உதவுவதே இப்பாடத்தின் நோக்கமாகும். மருத்துவம் பயிலாத நண்பர்களும் வீட்டிலுள்ள பெரியவர்களுக்காக இதைப் படிக்கலாம்.

முதலில் உறுப்புகளை நினைவுகூர்வோம். இரண்டு சிறுநீரகங்களும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதி மீண்டும் உறிஞ்சப்பட்டு, 1 முதல் 2 லிட்டர் மட்டுமே சிறுநீராக வெளியேறுகிறது. அது சிறுநீரகத்திலிருந்து குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்கு இறங்கி, அங்கிருந்து வெளியேறும் பாதையை அடைகிறது. இப்பாதையும் இனப்பெருக்க உறுப்புகளும் அருகருகே இருப்பதால், ஒன்றின் நோய் மற்றொன்றின் நோய்போலத் தோன்றுவதுண்டு.

1. எரிச்சல்

“நீர்க்கடுப்பு”, “எரியுது”, “சொட்டு சொட்டா போகுது” என்பவை பெரும்பாலும் சிறுநீர்ப்பையில் ஏற்படும் கிருமித் தொற்றைக் குறிக்கும். பெண்களுக்கு வெளியேறும் பாதை ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் நீளமே உடையது. ஆண்களுக்கோ ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். ஆகவேதான் குடலில் வாழும் ஈ.கோலை கிருமி பெண்களின் சிறுநீர்ப்பையை எளிதில் அடைகிறது.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி: “காய்ச்சல், நடுக்கம் இருக்கா? இடுப்புக்கு மேலே முதுகுல வலிக்குதா?” ‘ஆம்’ என்றால் கிருமி சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம். அதற்கு உடனடிச் சிகிச்சை தேவை. கர்ப்பிணிகளுக்கு எரிச்சலே இல்லாமலும் தொற்று இருக்கக்கூடும். பரிசோதனையின்போது அவர்களின் சிறுநீரைச் சோதிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

2. தடை

“முக்கி முக்கிப் போகணும்”, “போயிட்டு வந்தும் மிச்சம் இருக்கிற மாதிரி இருக்கு”, “ராத்திரியில நாலு தடவை எழுந்திரிக்கிறேன்” என்று ஒரு முதியவர் சொன்னால் புராஸ்டேட் சுரப்பியை நினைக்க வேண்டும். ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் இச்சுரப்பியின் நடுவே சிறுநீர்ப் பாதை செல்கிறது. வயது ஏற ஏறச் சுரப்பி பருத்துப் பாதையை நெருக்குகிறது. பெரும்பாலும் இது புற்றுநோயன்று. எனினும் சோதித்து உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

“வயசானா அப்படித்தான்” என்று விட்டுவிட்டால், தேங்கும் நீரின் அழுத்தம் நாளடைவில் சிறுநீரகத்தையே கெடுக்கலாம். சளிக்கும் மூக்கடைப்புக்கும் கடையில் வாங்கும் சில மாத்திரைகள் இவர்களுக்குத் திடீரெனச் சிறுநீரை முற்றாக அடைத்துவிடும். ஆகவே, “சளி மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களா ஐயா?” என்று கேட்பதும் அவசியமாகும்.

3. வலி

சிறுநீரகக் கல்லின் வலி விலாவுக்குக் கீழே முதுகுப்புறத்தில் தொடங்கித் தொடை இடுக்கை நோக்கி இறங்கும். நோயாளி ஓரிடத்தில் படுத்திருக்க முடியாமல் புரளுவார். ஐந்து மில்லிமீட்டருக்கும் சிறிய கற்களில் பெரும்பாலானவை தாமாகவே வெளியேறிவிடும்.

இதே பகுதியில் இன்னொரு வலியும் உண்டு. பதின்ம வயதுப் பையன் ஒருவன் நள்ளிரவில் “அடிவயிறு வலிக்குது” என்று துடித்து வாந்தி எடுக்கிறான். கூச்சத்தால் அம்மாவிடம் வலிக்கும் இடத்தைச் சரியாகச் சொல்லமாட்டான். விதை முறுக்கிக்கொண்டு அதன் இரத்த ஓட்டம் நின்றிருக்கலாம். ஏறக்குறைய 6 மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்தால் பெரும்பாலும் விதையைக் காப்பாற்றிவிடலாம். நேரம் கடக்கக் கடக்க வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். எண்ணெய் தேய்த்துவிட்டு விடியும்வரை காத்திருப்பது ஓர் உறுப்பையே இழக்கச் செய்துவிடும். “தம்பி, கீழே விதையில வலிக்குதா?” என்ற ஒரு கேள்வியைக் கேட்க நமக்குக் கூச்சம் இருக்கக்கூடாது.

4. இரத்தம்

சிவந்த சிறுநீரெல்லாம் இரத்தமன்று. சிவப்பு டிராகன் பழம், பீட்ரூட், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மாத்திரை ஆகியவையும் சிறுநீரின் நிறத்தை மாற்றும். ஆனால், வலியே இல்லாமல் இரத்தம் போவது ஓர் எச்சரிக்கையாகும். வலி இல்லாததால் நோயாளி அதைப் பெரிதுபடுத்தமாட்டார். குறிப்பாக, புகைபிடிப்பவருக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்யும்வரை நாம் ஓயக்கூடாது.

பெண்களிடம் மற்றொரு கேள்வியும் தேவை. மாதவிலக்கு நின்று பல ஆண்டுகளான ஒரு பாட்டி “நீர்ல ரத்தம் வருது” என்றால், அது சிறுநீர்ப் பாதையிலிருந்தா, கருப்பையிலிருந்தா என்று பிரித்தறிய வேண்டும். மாதவிலக்கு நின்றபின் வரும் இரத்தமும், உடலுறவுக்குப் பின் வரும் இரத்தமும் கருப்பை, கருப்பை வாய்ப் புற்றுநோயின் அறிகுறிகளாக இருக்கலாம். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பாப்பிலோமா வைரஸே முதன்மைக் காரணம். இதைக் கண்டறிந்த ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. மலேசியாவில் 13 வயது மாணவிகளுக்கு இவ்வைரசுக்கு எதிரான தடுப்பூசித் திட்டம் 2010இல் தொடங்கப்பட்டது. அவர்களின் அம்மாக்களுக்கும் அத்தைகளுக்கும் அவ்வாய்ப்புக் கிட்டவில்லை. எனவே, அவர்களைக் கருப்பை வாய்ப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வது நம் கடமையாகும்.

5. நுரை

‘இனிப்பு நீர்’ என்று நம்மவர் அழைக்கும் நீரிழிவு, சிறுநீரகத்தின் வடிகட்டியைச் சத்தமின்றிச் சேதப்படுத்துகிறது. 2023ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களுள் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. இந்தியர்களிடையே இவ்விகிதம் மிக அதிகம். இந்நாட்டில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குவோரில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவே காரணமாக இருந்துவருகிறது.

இரத்தத்தில் தங்க வேண்டிய புரதம் கசிவதால் சிறுநீர் நுரைத்து, நுரை அடங்காமல் நிற்கும். ஆனால், நுரை தெரியும் முன்பே சிறுநீரில் அல்புமினைச் சோதித்தறியலாம். நீரிழிவு உள்ளவரிடம், “மருந்து சாப்பிடுறீங்களா?” என்பதோடு நிறுத்தாமல், “இந்த வருசம் சிறுநீர்ல புரதம் இருக்கான்னு பார்த்தாங்களா?” என்றும் கேளுங்கள்.

எப்படிக் கேட்பது?

சொற்கள் தெரிந்தால் மட்டும் போதாது. என் தாத்தா வயதுடைய ஒருவரிடம் ஓர் இளம்பெண் இவற்றைக் கேட்பது இருவருக்குமே சங்கடம்தான். நான் சில வழிகளைப் பின்பற்றுகிறேன். முதலில் திரையை இழுத்துவிட்டு, குரலைத் தாழ்த்துகிறேன். ‘ஐயா’, ‘அம்மா’ என்று மரியாதையோடு அழைக்கிறேன். “இது எல்லாரையும் கேட்கிற கேள்விதான், தப்பா நினைச்சுக்காதீங்க” என்று சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மருமகளையோ பேரனையோ மொழிபெயர்க்க வைப்பதில்லை. மாமனார் தம் மருமகளின் வாய்வழியாக விதைப்பை வலியைச் சொல்வாரா? சொல்லமாட்டார். “சூடு” என்று சொல்லி முடித்துக்கொள்வார். நாமும் அதையே எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடுவோம்.

தமிழ் தெரிந்த மருத்துவ மாணவருக்கு வார்டில் ஒரு தனிப் பொறுப்பு இருக்கிறது. நோயாளி பிற மொழியில் சொல்லக் கூசியதை, சொல்லத் தெரியாததை, நம்மிடம் தமிழில் சொல்லக்கூடும். ஆகவே நண்பர்களே, அடுத்த முறை ஒருவர் “உடம்பு சூடு” என்று சொன்னால், “சூடுன்னா எப்படிங்க? எரியுதா, அடைக்குதா, வலிக்குதா, ரத்தம் வருதா, நுரைக்குதா?” என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பதில் வரும்வரை பொறுமையாகக் காத்திருங்கள்.