வெயில் ஊரில் ஆறு மாதப் பனிக்கட்டி

அமெரிக்காவின் தென்கிழக்கு மூலையில் உள்ள மாநிலம் புளோரிடா. அதன் மேற்குக் கடற்கரையை ஒட்டி எஸ்டெரோ என்று ஓர் ஊர் இருக்கிறது. அக்டோபர் மாதத்தில்கூட அங்கே பகல் வெப்பநிலை 30° செ. வரை ஏறும். காற்றில் ஈரமும் மிகுதி. குளம் குட்டை உறைவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை அந்த ஊரில் பனிக்கட்டியின்மேல் ஹாக்கி ஆடுகிறார்கள்!

இங்குள்ள அணியின் பெயர் புளோரிடா எவர்பிளேட்ஸ். 1998-இல் தொடங்கிய தொழில்முறை அணி இது. இது ஆடும் லீக் 1988-இல் ஐந்தே அணிகளுடன் 'ஈஸ்ட் கோஸ்ட் ஹாக்கி லீக்' என்ற பெயரில் பிறந்தது. இன்று அதை இ.சி.எச்.எல். என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கியில் இது மூன்றாம் படி. இங்கே தேறும் இளைஞர்கள் ஏ.எச்.எல். என்ற இரண்டாம் படிக்கும், சிலர் என்.எச்.எல். என்ற உச்சிக்கும் ஏறுகிறார்கள். ஒரு பருவத்தில் ஒவ்வோர் அணிக்கும் 72 ஆட்டங்கள். அவற்றில் 36 சொந்த ஊரில். இறுதிச் சுற்றுவரை போகும் அணிக்குப் பருவம் ஜூன் மாதம் வரை நீளும். எஸ்டெரோ அணி 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து கெல்லி கோப்பையை வென்றது.

ஆட்டத்தை விட்டுவிட்டு ஆடுகளத்தைப் பார்ப்போம். மாணவ நண்பர்களே, இரண்டு கேள்விகள் எழுகின்றன. வெயில் ஊரில் இந்தப் பனிக்கட்டி இத்தனை மாதம் எப்படி உருகாமல் நிற்கிறது? அது ஏன் வழுக்குகிறது? இரண்டாவது கேள்விக்கு நானே பல ஆண்டுகள் தவறான விடையை வகுப்பில் சொல்லி வந்தேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

தரைக்கு அடியில் குளிர்பதனப் பெட்டி

ஆடுகளத்தின் நீளம் 200 அடி, அகலம் 85 அடி. பரப்பு ஏறக்குறைய 1,580 சதுர மீட்டர். அடியில் கான்கிரீட் தளம். அதற்குள் நெருக்கமாகப் பதித்த குழாய்கள். அவற்றில் உறையாத உப்புக் கரைசலோ கிளைக்கால் கலந்த நீரோ பூஜ்யத்துக்குப் பல டிகிரி கீழான குளிரில் ஓடிக்கொண்டே இருக்கும். அது தளத்தின் வெப்பத்தை எடுத்துச் சென்று குளிர்பதன இயந்திரத்திடம் கொடுக்கும். இயந்திரம் அதை வெளியே தள்ளிவிடும். உங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டி செய்வதும் இதே வேலைதான்.

தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டுவதில்லை. மெல்லிய தூறலாகத் தெளித்து, படலம் படலமாக உறையவிடுகிறார்கள். நடுவில் வெள்ளைச் சாயமும் கோடுகளும் பூசி, மேலும் படலங்கள் சேர்க்கிறார்கள். மொத்தக் கனம் 2.5 செ.மீ. அளவுதான். ஏன் இவ்வளவு மெல்லியது? கனம் கூடினால் அடியில் உள்ள குளிர் மேற்பரப்பை எட்டாது; மேலே இளகிப்போகும்.

இனி ஒரு கணக்கு. இந்தப் பனிக்கட்டியின் நிறை சுமார் 36,000 கிலோகிராம். 20° செ. வெப்பநிலையில் இருக்கும் நீரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து உறைய வைக்க வேண்டும். ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி குளிர்விக்க 4.2 கிலோஜூல் வெப்பத்தை நீக்க வேண்டும். அதையே உறைய வைக்க 334 கிலோஜூல் உள்ளுறை வெப்பத்தை நீக்க வேண்டும். பெருக்கிப் பாருங்கள்: ஒன்றரைக் கோடி கிலோஜூல் வருகிறது. மின்சார யூனிட் கணக்கில் சொன்னால் சுமார் 4,200 யூனிட்டுக்குச் சமமான வெப்பம்.

சரி, உறைய வைத்தாயிற்று, வேலை முடிந்ததா? இல்லை, இப்போதுதான் ஆரம்பம்.

ஓயாத சண்டை

வீரர்களின் காலணிகளில் உள்ள எஃகு பிளேடுகள் தளத்தைக் கீறிக் கிழிக்கும். எனவே ஆட்ட இடைவேளைகளில் தளத்தைச் செப்பனிட வேண்டும். முன்பு ஆட்கள் சுரண்டி, கழுவி, நீர் ஊற்றிச் சரிசெய்ய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கலிபோர்னியாவில் பனிக்கட்டி வியாபாரம் செய்து, பிறகு சறுக்குத் தளம் நடத்திய பிராங்க் ஜம்போனி 1949-இல் இதற்கு ஓர் இயந்திரம் செய்தார். அது மேற்பரப்பை மெல்லச் சீவி, தூளை அள்ளிக்கொண்டு, பின்னால் வெந்நீரைப் பரப்பிச் செல்லும்.

பனிக்கட்டியின்மேல் வெந்நீரா என்று வியக்காதீர்கள். வெந்நீர் கீறல்களின் ஓரங்களைச் சற்றே உருக்கிப் பழைய பனிக்கட்டியோடு நன்றாக ஒட்டிக்கொள்ளும். அதில் கரைந்துள்ள காற்றும் குறைவு. ஆகவே குமிழியில்லாத கெட்டியான பனிக்கட்டி கிடைக்கும்.

இதற்கும் விலை உண்டு. ஒரு தடவைக்கு 60° செ. வெந்நீர் 500 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதை உறைய வைக்க 81 யூனிட் வெப்பத்தை நீக்க வேண்டும். ஆட்டத்துக்கு நான்கு தடவை வீதம் 36 ஆட்டங்களுக்குக் கணக்கிட்டால் சுமார் 11,700 யூனிட்! தளத்தை முதன்முதலில் உறைய வைத்ததைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. பயிற்சி நாட்களை இதில் சேர்க்கவே இல்லை.

இதைவிடப் பொல்லாத எதிரி, காற்றில் உள்ள ஈரம். குளிர்ந்த நீர் உள்ள டம்ளரின் வெளிப்புறத்தில் நீர் துளிர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல் நீராவி தளத்தின்மேல் படியும்போது தன் உள்ளுறை வெப்பத்தை அங்கேயே விட்டுவிடும். ஒரு கிலோ நீராவி படிந்தால், ஏழு கிலோவுக்கு மேற்பட்ட பனிக்கட்டியை உருக்கப் போதுமான வெப்பம் வெளிப்படும். 1975 மே 20 அன்று பபலோ நகரில், குளிர்சாதன வசதியில்லாத அரங்கில், என்.எச்.எல். இறுதிப் போட்டி ஒன்று நடந்தது. ஈரக் காற்று தளத்தின்மேல் குளிர்ந்து மூடுபனியாக எழுந்து, ஆட்டத்தைப் பலமுறை நிறுத்தியது. எஸ்டெரோ போன்ற கடலோர ஊரில் காற்றை உலர்த்தும் இயந்திரம் இல்லாமல் ஒரு வாரம்கூட ஓட்ட முடியாது.

மாணவி கேட்ட கேள்வி

இப்போது இரண்டாவது கேள்வி. அழுத்தம் கூடினால் பனிக்கட்டியின் உருகுநிலை குறையும் என்பது உங்களுக்குத் தெரியும். "வீரரின் எடை மெல்லிய பிளேடு வழியாக அழுத்துவதால் பனிக்கட்டி உருகுகிறது; அந்த நீர்ப் படலத்தில் அவர் வழுக்குகிறார்." இதுதான் நான் சொல்லி வந்த விளக்கம். 1886-இல் ஜான் ஜோலி என்ற அயர்லாந்து விஞ்ஞானி சொன்னது. பல பாடநூல்களிலும் இடம்பெற்றது.

ஒருநாள் வகுப்பில் ஒரு மாணவி எழுந்தாள். "சார், பிளேடு சரி. ஆட்டத்திலே அடிக்கிற அந்த ரப்பர் வட்டு எப்படி வழுக்குது? அதுக்குக் கனமே இல்லையே?" என்றாள்.

நான் சற்றுத் திகைத்துத்தான் போனேன். "நாளை சொல்கிறேன்" என்றேன். அன்றிரவு கணக்குப் போட்டேன். வட்டின் நிறை 170 கிராம். விட்டம் 3 அங்குலம். அது தரும் அழுத்தம் காற்றழுத்தத்தில் ஆயிரத்தில் நான்கு பங்குகூட இல்லை. ஒரு காற்றழுத்தம் கூடினால் உருகுநிலை 0.0075° செ. மட்டுமே குறையும். ஆக, வட்டு பனிக்கட்டியை உருக்குவது நடவாத காரியம்.

வீரர் கணக்காவது சரிவருமா? நிறை 80 கிலோ. தளத்தைத் தொடும் பிளேடின் பரப்பு 3 சதுர செ.மீ. என்போம். அழுத்தம் 26 காற்றழுத்தம். உருகுநிலை 0.2° செ. குறையும். ஆனால் தளம் இருப்பதோ −5° செ. அளவில்! ஓரங்கள் மட்டும் தொடுவதாகக் கொண்டு அழுத்தத்தை மும்மடங்காக்கினாலும் 0.6° செ.தான். மறுநாள் வகுப்பில், "நான் சொன்னது தவறு" என்று கரும்பலகையில் இந்தக் கணக்கை எழுதிக் காட்டினேன்.

அப்படியானால் எது உண்மை? 1850-இல் மைக்கேல் பாரடே இரண்டு பனிக்கட்டிகளைச் சேர்த்து வைத்தால் அவை ஒட்டிக்கொள்வதைக் காட்டி, பனிக்கட்டியின் மேற்பரப்பில் உருகுநிலைக்குக் கீழேயும் நீர் போன்ற படலம் உண்டு என்றார். உள்ளே உள்ள மூலக்கூறு எல்லாப் பக்கமும் பிணைக்கப்பட்டிருக்கிறது. மேற்பரப்பில் உள்ளதற்கோ மேல்பக்கப் பிணைப்பு இல்லை. எனவே அது எளிதில் இடம்பெயரும். 1939-இல் பௌடன், ஹியூஸ் என்ற இருவர் இன்னொரு காரணத்தைக் காட்டினர்: சறுக்கும்போது எழும் உராய்வு வெப்பமே மேற்பரப்பை இளக்குகிறது. நம் வீரர் விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் சென்றால், உராய்வு எண் 0.01 எனக் கொண்டால், எழும் வெப்பம் ஒரு 60 வாட் பல்பின் அளவு. மெல்லிய படலத்துக்கு அது தாராளம். இவ்விரண்டும் எந்த அளவில் சேர்ந்து செயல்படுகின்றன என்ற ஆராய்ச்சி இன்றும் நடக்கிறது.

இப்போது −5° செ. ஏன் என்பது புரியும். மிகக் குளிர்ந்தால் மேற்பரப்பு மூலக்கூறுகள் இறுகி வழுக்கல் குறையும். பனிக்கட்டி நொறுங்கவும் செய்யும். வெப்பம் கூடினால் மென்மையாகி பிளேடு புதையும். இந்தச் சில டிகிரி இடைவெளியில்தான் ஒரு பருவம் முழுவதும் நடக்கிறது.

செய்து பாருங்கள்

எவர்சில்வர் தட்டில் அரை அங்குலம் நீர் ஊற்றி உறைய வையுங்கள். ஒரு நாணயத்தையும் அதனுடன் குளிர வையுங்கள். வெளியே எடுத்தவுடன் நாணயத்தைப் பனிக்கட்டிமேல் வைத்துத் தட்டை மெல்லச் சாயுங்கள். எந்தக் கோணத்தில் வழுக்குகிறது? ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். விடையைக் குறித்துக்கொண்டு, உங்கள் ஆசிரியரிடம் அந்த மாணவியின் கேள்வியைக் கேளுங்கள்.