பெக்கோ பாதையில் ஒரு பகல்: புதிதாக நடக்க வரும் பிள்ளைகளுக்கு

கண்டிக்கு மேலே ஹந்தானையில் புறப்பட்டு, இலங்கை மலையகத்தைச் சுற்றி வளைந்து, நுவரெலியா பீட்ரு தோட்டத்தில் போய் முடிகிறது பெக்கோ ட்ரெயில். நீளம் 300 கிலோமீட்டருக்கு மேல். அதை 22 கட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலைப் பெட்டிகளை இறக்க வெட்டிய வண்டிப்பாதைகள்தான் இதில் பெரும்பகுதி. அவற்றோடு காட்டோரத் தடங்களும், தோட்டத்துக்குத் தோட்டம் போகும் நடைபாதைகளும் சேர்ந்திருக்கின்றன. நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்ந்தவன். கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் இப்போது இளம் பிள்ளைகள் முதுகுப் பையோடு வருகிறார்கள். வந்தவர்கள் கேட்டதற்கெல்லாம் வாயால் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

1. ஒரு கட்டம் போதும். 22 கட்டங்களையும் முடித்தவரைப் பார்த்து நீங்கள் ஏங்க வேண்டாம். பெரும்பாலான கட்டங்கள் காலையில் தொடங்கி மாலைக்குள் முடிக்கக்கூடியவை. முதல்முறை வருபவர்களுக்கு ஹந்தானையிலிருந்து கலஹா, அல்லது கலஹாவிலிருந்து லூல்கந்துர என்றுதான் நான் சொல்வேன். இரண்டுக்கும் கண்டியில் இரவு தங்கிவிட்டு விடியப் புறப்படலாம். கிலோமீட்டரைப் பார்த்து நேரத்தைக் கணக்குப் போடாதீர்கள். சமதரையில் மூன்று மணி நேரத்தில் முடியும் தூரம், மலையில் ஆறு மணி நேரம் கேட்கும். ஏற்றம் மூச்சை வாங்கும், இறக்கம் முழங்காலை வாங்கும். புதியவர்களை அதிகம் படுத்துவது இறக்கம்தான்.

2. எந்தப் பக்கத்துக்கு எந்த மாதம் என்று பாருங்கள். மலையகம் முழுவதற்கும் ஒரே மழைக்காலம் கிடையாது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், டிக்கோயா, பொகவந்தலாவைப் பக்கத்தை ஊற வைக்கும். அதே ஜூலை, ஆகஸ்டில் மலைக்கு அந்தப் பக்கம், ஊவாவில், அப்புத்தளையும் பண்டாரவளையும் கச்சான் காற்றில் காய்ந்து கிடக்கும். ஊவாத் தேயிலைக்கு வாசம் கூடுவதும் அந்தக் காற்றில்தான். நவம்பர், டிசம்பரில் வடகீழ்ப் பருவமழை ஊவாவை நனைக்கும். ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை பொதுவாக இரண்டு பக்கமும் நடக்கலாம்.

3. காலை ஆறரைக்கே கால் பாதையில் இருக்க வேண்டும். பத்து மணிக்குப் பிறகு எந்த நேரத்திலும் மூட்டம் இறங்கி, எதிரே இருக்கும் மலையை மறைத்துவிடும். பிறகு அப்புத்தளைக்கு மேலே லிப்டன் சீட்டில் ஏறி நின்றாலும் வெள்ளைச் சுவரைத்தான் பார்ப்பீர்கள். ஏப்ரலிலும் அக்டோபரிலும் மத்தியானம் திரும்பியதும் இடி மின்னல் தொடங்கும். தேயிலை மலை திறந்த வெளி, அதில் உயரமாக நிற்பது நீங்களும் நிழல் மரமும்தான். இடி கேட்டதும் மேட்டை விட்டு இறங்குங்கள், தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள். மாலை ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும். சிறுத்தை நடமாட்டமும் அந்த நேரத்தில்தான்.

4. பையில் என்ன வைப்பது? இரண்டு லீட்டர் தண்ணீர், மழைக்கோட்டு, சின்ன டார்ச், ஒரு சோடி மாற்றுக் காலுறை, சார்ஜ் நிறைந்த போன், அதில் முன்கூட்டியே இறக்கி வைத்த வரைபடம். பள்ளத்தாக்குகளில் சிக்னல் கிடைக்காது. சாப்பாட்டுக்குத் தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் போல வேறொன்று இல்லை. நசுங்காது, புளிக்காது, கையாலேயே சாப்பிட்டு முடிக்கலாம். ஓடைத் தண்ணீரை மட்டும் குடிக்காதீர்கள். எவ்வளவு தெளிவாக ஓடினாலும் மேலே தேயிலைக்கு உரமும் களைக்கொல்லியும் போட்டிருப்பார்கள். சப்பாத்து புதிதாக இருந்தால் பத்து நாளாவது ஊரில் போட்டுப் பழகிய பிறகு வாருங்கள்.

5. அட்டைக்குப் பயந்து யாரும் நின்றுவிட வேண்டாம். காலில் சவர்க்காரத்தை ஈரத்தோடு பூசிக் காய விடுங்கள், காற்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள். கடித்துவிட்டால் பிடுங்கி எறியாமல், வாய் ஒட்டிய இடத்தில் நகத்தைக் கொடுத்து மெல்லத் தள்ளினால் விழுந்துவிடும். இரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு நீரைச் சுரப்பதால் காயம் கொஞ்ச நேரம் ஒழுகும். கழுவி, அழுத்திப் பிடித்தால் போதும்.

6. குளவிக்குப் பயப்படுங்கள். மலையகச் செய்திகளில் ஓயாமல் வரும் ஒரு வரி, கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் குளவிக் கொட்டுக்கு இலக்காகி ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள் என்பது. உயிரும் போயிருக்கிறது. கூடு உயர்ந்த மரத்திலும் இருக்கும், பாறை இடுக்கிலும் இருக்கும், தேயிலைச் செடிக்குள் கை படும் உயரத்திலும் இருக்கும். பருந்தோ குரங்கோ காற்றோ கலைத்துவிட்டால் போதும். ஆகவே சென்ட் பூசிக்கொண்டு வராதீர்கள், பாட்டுப் பெட்டி வேண்டாம், கல்லெறிந்து விளையாட வேண்டாம், புகை மூட்ட வேண்டாம். ட்ரோன் பறக்க விடுகிறவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன். குளவி கலைந்துவிட்டால் கையை வீசி விரட்டாமல் முகத்தையும் கழுத்தையும் துணியால் மூடிக்கொண்டு, வந்த வழியிலேயே நிற்காமல் விலகிப் போங்கள். வீடோ கடையோ அருகில் இருந்தால் உள்ளே புகுந்து கதவைச் சாத்துங்கள். கொட்டு வாங்கியவருக்கு மூச்சு இழுத்தாலோ, உதடு தடித்தாலோ, உடம்பெல்லாம் தடிப்பு எழும்பினாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் 1990க்கு அழையுங்கள். அது சுவசெரிய அம்புலன்ஸ், பணம் வாங்க மாட்டார்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிசன் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் தாண்டும் ஒவ்வொரு தோட்டத்தின் பெயரையும் கேட்டு மனதில் வைத்துக்கொண்டே போங்கள்.

7. கொழுந்து எடுக்கும் பெண்களைப் படம் எடுப்பது பற்றி. எல்லோரும் இதைத்தான் செய்கிறீர்கள், அதனால் நீட்டியே சொல்கிறேன். காலையில் ஆட்கள் கூடும் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு மலைக்கு வருகிறார்கள். நாளுக்கு இத்தனை கிலோ என்று கணக்கு உண்டு. கொழுந்தை மடுவத்தில் நிறுக்கும்போது அந்தக் கணக்குக் குறைந்தால் பல தோட்டங்களில் முழுப்பேர், அதாவது முழுநாள் கூலி, விழாது, அரைப்பேர்தான். ஈரத்துக்கென்று நிறுவையில் கழித்துவிடுவதும் உண்டு. சரிவில் இடுப்பில் படங்கைக் கட்டி, மட்டக்கம்பைச் செடிமேல் போட்டு, அதற்கு மேலே நீட்டியிருக்கும் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக இரண்டு கையாலும் கிள்ளிக்கொண்டே போகிற வேகத்தை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். அந்த அம்மாவை நிறுத்தி, திரும்பச் சொல்லி, சிரிக்கச் சொல்லி, கூடையைச் சரிக்கச் சொல்லி நீங்கள் எடுக்கும் ஐந்து நிமிடம் அவருடைய நிறையிலிருந்து போகிறது. பேச ஆசையா? மத்தியான நிறுவைக்கு மடுவத்தில் கூடும்போது போய், “அம்மா, வணக்கம்” என்று தொடங்குங்கள். தமிழில் பேசும் பிள்ளை என்றதும் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று அவர்களே விசாரிப்பார்கள். படம் எடுக்கவா என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். மலையில் யாராவது முதுகில் டாங்கியோடு மருந்து அடித்துக்கொண்டிருந்தால் காற்று வரும் பக்கமாக ஒதுங்கி நின்று, முடிந்த பிறகு போங்கள்.

8. பாதை பல இடங்களில் லயத்து வாசலை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின் வாசலை, ஒட்டியே போகிறது. அது ஒரு வீட்டின் முற்றம். தண்ணீர்ப் பீலியில் பெண்கள் குளித்துக்கொண்டிருந்தால் கமராவை உள்ளே வையுங்கள், சற்றுத் தள்ளி நின்று குரல் கொடுத்துவிட்டுக் கடந்து போங்கள். காம்பிராவுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஒரு குடும்பம் வாழ்வதைப் பார்த்து உங்களுக்கு மனம் பதைக்கலாம். அந்தப் பதைப்பு நியாயமானது, அதை அவர்கள் முகத்துக்கு நேரே காட்ட வேண்டாம். பிள்ளைகளுக்கு மிட்டாயும் காசும் நீட்டிப் பழக்காதீர்கள். என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வெளிநாட்டவர் பின்னால் கை நீட்டி ஓடியதைப் பார்த்து நான் பட்ட வேதனை கொஞ்சமில்லை. ஏதாவது செய்ய வேண்டுமென்றால் லயத்துக் கடையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடியுங்கள், வடை வாங்குங்கள், வழிகாட்டி வேண்டுமென்றால் அந்தத் தோட்டத்து இளைஞனையே கூட்டிக்கொண்டு பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.

9. பாதையோரத்தில் மஞ்சள் பூசிய கல்லோ, மரத்தடியில் நட்ட சூலமோ கண்டால் அதன்மேல் பையை வைக்காதீர்கள், களைப்பாற உட்காராதீர்கள். கவ்வாத்துச்சாமி, கொழுந்துச்சாமி, ஸ்டோருக்குப் பக்கத்தில் ரோதைமுனி என்று வேலை ஒவ்வொன்றுக்கும் எங்கள் ஆட்கள் ஒரு சாமியை வைத்துக் கும்பிட்டார்கள். செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி காலில் பாயாமல், ஆலைச் சக்கரம் கையை இழுக்காமல் காக்க வேண்டுமென்று வேண்டி வைத்த சாமிகள் அவை.

10. வழி கேட்டால் யாரும் சொல்வார்கள். பெரியவர்கள் தூரத்தைக் கட்டையில் சொல்வார்கள், ஒரு கட்டை ஒரு மைல். “கிட்டத்தான், ஒரு எட்டு” என்றால் அவர்கள் காலுக்குக் கிட்ட என்று அர்த்தம், நீங்கள் இரட்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். “குறுக்கில் போகலாமா?” என்று நீங்களாகக் கேட்காதீர்கள். குறுக்கு என்பது செங்குத்தாகத் தேயிலைக்குள் இறங்கும் தடம், மழை நாளில் பழகிய கால்களே வழுக்கும். வண்டிப்பாதையை விடாதீர்கள். இரண்டு பேரிடம் கேட்டு, இரண்டு பேரும் ஒரே திசையைக் காட்டினால் நடங்கள்.

11. மழை விடாமல் பெய்தால் திரும்புங்கள். 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலையில் கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை அப்படியே மூடியது. மலைச்சரிவு என்ன செய்யும் என்று அதற்குப் பிறகு எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மாவட்ட வாரியாக மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. புறப்படும் முன் அதைப் பாருங்கள், எச்சரிக்கை இருந்தால் அன்றைக்குக் கண்டியிலேயே இருங்கள். பாதையில் புதிதாக வெடிப்பு, வழக்கமில்லாத இடத்தில் ஊற்று, ஒரே பக்கமாகச் சாய்ந்த மரங்கள், கலங்கிச் செம்மண்ணாக ஓடும் ஓடை, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அந்த இடத்தில் நிற்கவே நிற்காதீர்கள்.

12. லூல்கந்துரவில் டெய்லர் இருந்து பார்த்த கல்லாசனத்துக்கு எல்லோரும் போவீர்கள். போங்கள், நல்ல காட்சி. ஸ்கொட்லாந்திலிருந்து 1852இல் வந்த ஜேம்ஸ் டெய்லர், 1867இல் இந்தத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை வைத்தார். இரண்டே ஆண்டில், 1869இல், கோப்பியை இலைத்துரு நோய் பிடித்தது. கோப்பித் தோட்டங்கள் அழிய அழிய நாடே தேயிலைக்கு மாறியது. அவருடைய உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 19 ஏக்கரிலும் காட்டை வெட்டி, கல்லைப் புரட்டி, குழி தோண்டியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஆட்கள். கடல் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்குக் கால்நடையாக வந்தவர்கள். வழியில் பசியிலும் காய்ச்சலிலும் செத்தவர்களுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. உயிர் பிழைத்தவர்களின் பிள்ளைகளிடமிருந்து 1948இல் குடியுரிமையையும் பறித்தார்கள். இந்த மக்கள் வந்து 200 ஆண்டு ஆனதையொட்டி, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே வழியில் பலர் நடந்தார்கள். நீங்கள் நடக்கும் வண்டிப்பாதையும் அந்த ஆட்கள் வெட்டியதுதான். ஓரத்தில் கட்டியிருக்கும் கல்லணையைப் பாருங்கள். சுண்ணாம்பும் சீமெந்தும் இல்லாமல் கல்லோடு கல்லைப் பொருத்தி அடுக்கியிருப்பார்கள். நூறு வருட மழைக்கும் அசையாமல் நிற்கும் அணைகள் இன்னும் இருக்கின்றன. கல்லாசனத்தில் பத்து நிமிடம் இருந்தால், அந்த அணைக்கு முன்னால் ஐந்து நிமிடமாவது நில்லுங்கள்.

13. திரும்பும் பஸ்ஸை விசாரித்துவிட்டே காலையில் புறப்படுங்கள். தோட்டப் பாதைகளில் கடைசி பஸ் வெள்ளெனவே போய்விடும், சில நாள் வராமலும் போகும். ஆட்டோக்காரர் ஒருவரின் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டு, இறங்கும் இடத்துக்கு இத்தனை மணிக்கு வரச் சொல்லுங்கள். கொண்டுவந்த பொலித்தீன், போத்தல் எல்லாம் உங்கள் பையிலேயே திரும்பட்டும். தேயிலைக் கானில், அதாவது வடிகாலில், விழும் ஒரு போத்தல், அடுத்த மழையில் தண்ணீரைத் தடுத்துப் பாதையையே அறுக்கும். இரவில் காலைச் சுடுதண்ணீரில் வைத்து, விரல் இடுக்குகளில் அட்டைக்கடி இருக்கிறதா என்று பாருங்கள். மறுநாள் தொடை பிடித்துக்கொள்ளும், இரண்டு நாளில் விடும். அடுத்த விடுமுறைக்கு ஊவாப் பக்கம் வாருங்கள். பதுளை ரயிலில் வந்து அப்புத்தளையில் இறங்கித் தங்கி, விடியலோடு தம்பேதன்னைத் தோட்டத்துக்குள் ஏறினால், மூட்டம் வருமுன் லிப்டன் சீட்டில் நிற்கலாம். ஜூலையில் வருகிறவர்கள் காற்றுக்குத் தாங்கும் தொப்பி ஒன்றைக் கொண்டு வாருங்கள்.