ஊர்தி நூல்களும் வாசகர் தீர்ப்பும்

இலக்கியம் பயிலும் மாணவருக்கு மகிழுந்து பற்றிய நூல்களால் ஆவதென்ன என்று வினவுவோர் உண்டு. பொறியியலார்க்கு உரியதைப் பொறியியலார்க்கே விட்டுவிடலாம் என்பது அவர்தம் எண்ணம். ஆயின், ஒரு நூலைப் பற்றிய வாசகர் கருத்து எவ்வாறு உருவாகிறது, அது ஒரு நாட்டின் சட்டத்தையே எவ்வாறு அசைக்கிறது, பின்னர் அக்கருத்தே எவ்வாறு மறு ஆய்வுக்கு உள்ளாகிறது என்பவற்றை அறிய விழைவோர்க்கு ஊர்தி நூல்கள் சிறந்த சான்றுகளாக அமைகின்றன. நன்னூலார் நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் வகுத்துச் சென்றார். அவ்வளவுகோல் செய்யுளுக்கும் இலக்கணத்துக்கும் மட்டும் உரியதன்று. எந்திரம் பற்றிய நூலுக்கும் பொருந்துவதே. அமெரிக்க நாட்டில் தோன்றிய சில நூல்களையும் சப்பானியத் தொழிற்சாலை பற்றிய இரு நூல்களையும் இவ்வகையில் காண்போம்.

முதற்கண் என்றி ஃபோர்டின் 'என் வாழ்வும் பணியும்' என்னும் நூலைக் குறிப்பிடல் வேண்டும். இது 1922-இல் சாமுவேல் குரோதர் என்பாரின் துணையுடன் வெளிவந்தது. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி 'டி' வகை ஊர்திகளைச் செய்து குவித்த ஒருவரின் வரலாறு என்பதால் உலகெங்கும் அதனைப் படித்தனர். முதலாளித்துவத்தை ஒழித்த சோவியத் நாட்டிலும் 1920-களில் அந்நூல் பல பதிப்புகள் கண்டது வியப்பிற்குரியது. அங்குள்ள வாசகர் அதை முதலாளியின் தன்வரலாறாகப் படிக்கவில்லை; பெருமளவு உற்பத்திக்கான கையேடாகவே படித்தனர். ஃபோர்டின் ஆலையில் உழைத்தோரின் பார்வையோ வேறு. அப்பார்வைக்கு அப்டன் சிங்கிளேர் 1937-இல் நாவல் வடிவம் தந்தார். ஊர்தித் தொழிலாளர் சங்கம் அதனைத் தொழிலாளரிடையே பரப்பிற்று. அச்சங்கத்தை ஃபோர்டு நிறுவனம் ஏற்றுக்கொண்டது 1941-இல்தான். ஒரு நூலுக்கு எழுந்த மறுப்பு மற்றொரு நூலாகவே வெளிவந்ததற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

நேடரின் நூல்

ஊர்தி நூல்களுள் வாசகரை இரு பெரும் அணிகளாகப் பிரித்ததும், இன்றளவும் பிரித்து வைத்திருப்பதும் ரால்ஃப் நேடர் எழுதிய 'எவ்வேகத்திலும் பாதுகாப்பற்றது' என்னும் நூலாகும். வழக்கறிஞராகிய நேடர் இதனை வெளியிட்ட 1965-ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்கச் சாலைகளில் ஏறத்தாழ 47,000 பேர் மாண்டனர். ஓட்டுநரின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம் என்பது அந்நாளில் பெரிதும் வழங்கிய கருத்து. ஊர்தியை வடிவமைத்தவருக்கும் இதில் பொறுப்பு உண்டு என்று நேடர் வழக்காடினார்.

நூலின் எட்டு இயல்களுள் முதல் இயல், செவர்லே நிறுவனத்தின் 'கோர்வேர்' ஊர்தியைக் குறித்தது. அதன் பொறி பின்புறம் அமைந்தது. ஆகவே எடையின் பெரும்பகுதி பின்சக்கரங்களின் மேல் விழுந்தது. பின் அச்சின் இரு பாதிகளும் உட்புற முனையில் மட்டும் மடங்கும் தன்மையன. விரைந்து வளைவில் திரும்பும்போது ஊர்தியின் பின்பகுதி மேலெழ, வெளிப்புறச் சக்கரம் உள்நோக்கிச் சாய்ந்து மடங்கக்கூடும். இதனை ஈடுசெய்ய முன் டயர்களில் 15 பவுண்டு, பின் டயர்களில் 26 பவுண்டு என்று வேறுபட்ட காற்றழுத்தம் வைக்குமாறு நிறுவனம் அறிவுறுத்தியது. பெட்ரோல் நிலையத்தில் நான்கு டயர்களுக்கும் ஒரே அளவில் காற்றடிப்பது உலக வழக்கம். உயிர்காக்கும் பொறுப்பை அந்த அளவுச் சீட்டின்மேல் சுமத்தலாமா என்பதே நேடரின் வினா. சாய்வைக் கட்டுப்படுத்தும் முன்புறத் தண்டு 1964 ஊர்தியில் சேர்க்கப்பட்டது. 1965-இல் பின் அமைப்பே மாற்றப்பட்டது. எனவே அவ்வியலின் குற்றச்சாட்டு 1960 முதல் 1963 வரை செய்யப்பட்டவற்றையே சாரும். இதனை மறந்து பேசுவோர் இரு அணியிலும் உளர்.

நூலைப் பற்றிய முதல் 'வாசகர் கருத்து' அந்நிறுவனத்திடமிருந்தே வந்தது. எழுத்து வடிவில் அன்று. செவர்லேயின் தாய் நிறுவனமாகிய ஜெனரல் மோட்டார்ஸ் தனியார் துப்பறிவோரை அமர்த்தி நேடரின் சொந்த வாழ்க்கையைத் துருவியது. இது வெளிப்படவே, 1966 மார்ச்சு 22-ஆம் நாள் நிறுவனத் தலைவர் சேம்சு ரோச் செனட் துணைக்குழுவின்முன் மன்னிப்புக் கோரினார். நேடர் தொடுத்த வழக்கு 1970-இல் 4,25,000 டாலர் இழப்பீட்டில் முடிந்தது. நூல் விற்பனையை இதைவிட வேறெந்த மதிப்புரையும் உயர்த்தியிருக்க இயலாது. அதே 1966 செப்டம்பரில் ஊர்திப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று.

எதிர் அணியினர் கோர்வேர் ஊர்தியை வைத்திருந்தோரும் நேசித்தோருமாவர். கோர்வேர் உற்பத்தி 1969-இல் நின்றது. அவ்வாண்டிலேயே அவ்வூர்தி அன்பர்கள் ஒரு சங்கம் கண்டனர். நல்லதோர் ஊர்தியை ஒரு நூல் கொன்றுவிட்டது என்பது அன்பர் பலரின் குறை. 1972-இல் அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையே சோதனைகள் நடத்தி, 1960-63 கோர்வேர் தன் காலத்துப் பிற ஊர்திகளைவிடக் கட்டுப்பாடு இழக்கும் இயல்புடையதன்று என்று அறிவித்தது. நேடர் அவ்வறிக்கையை ஏற்கவில்லை. மறுபுறம், அந்நிறுவனத்திலேயே உயர் பதவி வகித்த ஜான் டெலோரியன், 1979-இல் வெளிவந்த தம் நினைவு நூலில் கோர்வேர் பற்றிய நேடரின் கருத்தையே ஆதரித்தார். விற்பனைச் சரிவுக்கு நூல் மட்டுமே காரணம் என்பதும் பொருந்தாது. 1964-இல் ஃபோர்டு வெளியிட்ட 'மஸ்டாங்' இளைஞரை ஈர்த்துக்கொண்டமையையும் கணக்கில் கொள்ளல் வேண்டும்.

இவற்றை ஒருங்கே வைத்து நோக்குமிடத்து, முதல் இயலில் மிகைபடக் கூறல் என்னும் குற்றம் ஓரளவு உண்டு என்றே இக்கட்டுரையாளர் கருதுகிறார். தன் காலத்து ஊர்திகள் பலவற்றுக்கும் பொதுவான குறையை ஒன்றன்மேல் ஏற்றியதாக அது தோன்றுகிறது. ஆயினும் முதல் இயலோடு புத்தகத்தை மூடிவிட்டுத் தீர்ப்பு வழங்குவோரின் குற்றம் அதனினும் பெரிது. இரண்டாம் இயலில் பல்லிணை நெம்பின் வரிசையை நேடர் எடுத்துக்கொள்கிறார். சில ஊர்திகளில் பின்செல்லும் நிலை, முன்செல்லும் தாழ்வேக நிலைக்கு அடுத்தே இருந்தது. கை சற்றுத் தவறினால் முன்செல்ல வேண்டிய ஊர்தி பின்னே பாயும். இரண்டிற்கும் இடையே நடுநிலை இருத்தல் வேண்டும் என்று பின்னர் விதி வந்தது. மூன்றாம் இயல் 'இரண்டாம் மோதல்' பற்றியது. ஊர்தி ஒரு பொருளில் மோதுவது முதல் மோதல். உள்ளிருப்பவர் சுக்கான் தண்டிலும் முகப்புப் பலகையிலும் கண்ணாடியிலும் மோதுவது இரண்டாம் மோதல். உயிரைக் கவர்வது பெரும்பாலும் பின்னதே. அதைத் தடுக்க வடிவமைப்பாளரால் இயலும் என்பதே நூலின் உயிர்க்கருத்து. 1968-இல் புதிய ஊர்திகளுக்கு இருக்கை வார் கட்டாயமாயிற்று. மோதலில் மடங்கிக் கொடுக்கும் சுக்கான் தண்டும் விதிகளால் நிலைபெற்றது. 1965-இல் பத்துக் கோடி மைல் ஓட்டத்துக்கு ஐவருக்கு மேல் மாண்டனர். அண்மை ஆண்டுகளில் அவ்விகிதம் ஒன்றரைக்கும் கீழ். இதன் பெருமை முழுவதும் ஒரு நூலுக்குரியதன்று எனினும், தொடக்கத்தில் அதற்குரிய பங்கை மறுக்க இயலாது.

இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டியது ஜெனரல் மோட்டார்சை வளர்த்தெடுத்த ஆல்ஃபிரடு சுலோன் எழுதி 1964-இல் வெளிவந்த நூல். எழுதி முடித்தும் ஆண்டுக்கணக்கில் அது வெளிவரவில்லை. ஏகபோக எதிர்ப்பு வழக்குக்குச் சான்றாகிவிடுமோ என்று நிறுவன வழக்கறிஞர்கள் அஞ்சித் தடுத்தனர். எழுத்துத் துணைவராகிய ஜான் மெக்டொனால்டு வழக்குத் தொடுத்த பின்னரே தடை நீங்கிற்று. மேலாண்மை பயில்வோர் இதனைப் பெரிதும் போற்றுகின்றனர். போற்றத்தக்கதே; சிதறிக் கிடந்த நிறுவனங்களை ஒழுங்குபடுத்திய திறம் அதில் தெளிவுற விளங்குகிறது. ஆனால் 1929-ஆம் ஆண்டளவில், செவர்லேயில் பாதுகாப்புக் கண்ணாடி பொருத்தலாகாதா என்று லமோட் டூபாண்ட் கேட்டதற்கு, இலாப நட்டத்தைக் காட்டிச் சுலோன் மறுத்தெழுதிய கடிதங்கள் பின்னாளில் வெளிவந்தன. அக்கடிதங்களையும் அறிந்த வாசகர்க்குச் சுலோனின் நூல் வேறொரு நூலாகத் தோன்றும்.

கையேடு ஒன்று

பெருநிறுவனங்களை விட்டு, எளிய கையேடு ஒன்றுக்கு வருவோம். ஜான் முயர் என்னும் பொறியாளர், ஒன்றுமறியாதவரும் தம் வோக்ஸ்வேகன் ஊர்தியைத் தாமே பழுதுபார்க்கலாம் என்னும் நோக்கில் 1969-இல் ஒரு நூல் வெளியிட்டார். பீட்டர் ஆஷ்வாண்டன் படங்கள் வரைந்தார். தரையில் விரித்து வைத்தால் தானே மூடிக்கொள்ளாதபடி சுருள்கம்பிக் கட்டு அமைந்தது. இருபது இலட்சம் படிகளுக்கு மேல் விற்ற அந்நூலுக்கு இலக்கிய மதிப்புரை தேவைப்படவில்லை. எண்ணெய்க் கறை படிந்த தாள்களே மதிப்புரை. விளங்க வைத்தல் என்னும் அழகுக்கு இதனினும் நல்ல சான்று காட்டுதல் எளிதன்று. இந்நூலைப் பற்றிக் கருத்துக் கூறுவோர் முதலில் ஒரு வால்வைச் சரிசெய்து பார்த்தே கூறல் வேண்டும். பாராட்டும் பழியும் சோதனைக்கு உட்படும் இப்பேறு நம் கவிதைத் திறனாய்வாளர்க்கு வாய்க்கவில்லை!

இரு சப்பானியச் சித்திரங்கள்

மாசசூசட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர் மூவர் 1990-இல் வெளியிட்ட 'உலகை மாற்றிய எந்திரம்' என்னும் நூல் தொழில் உலகை உலுக்கிற்று. 1986-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் ஃப்ராமிங்காம் ஆலையில் ஓர் ஊர்தியை ஒன்றிணைக்க, ஒப்பிடத்தக்கவாறு திருத்திய கணக்கில், 31 மணி நேரம் ஆயிற்று. டொயோட்டாவின் டகாவோகா ஆலையில் 16 மணி நேரமே ஆயிற்று. நூறு ஊர்திகளுக்குக் குறைகள் முறையே 130, 45. குறைந்த நேரத்தில் குறைந்த குறைகளுடன் செய்ய இயலும் என்பதை இவ்வெண்கள் மறுப்பார் வாயடைக்குமாறு காட்டின.

ஆயின் சடோஷி கமாட்டா என்னும் எழுத்தாளர் 1972-இல் டொயோட்டா ஆலையில் பருவகாலத் தொழிலாளியாகச் சேர்ந்து, ஆறு திங்கள் உழைத்து, நாட்குறிப்பாக எழுதிய நூல் ஒன்றுண்டு. ஆங்கிலத்தில் அது 1982-இல் வெளிவந்தது. நகரும் வரிசையின் வேகத்திற்கு ஈடுகொடுக்க இயலாத கைகளும், விடுதி அறையில் உணர்வற்று வீழும் உறக்கமும், இடையிலேயே விலகிச் செல்லும் தோழர்களும் அதில் நிறைந்துள்ளனர். மேலாளர்கள் முன்னைய நூலைப் பரிந்துரைப்பர், தொழிற்சங்கத்தார் பின்னையதை. கமாட்டா உழைத்த காலத்துக்கும் ஆய்வாளர் அளந்த காலத்துக்கும் இடையே ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் உள்ளன. ஆகவே ஒன்றைக் கொண்டு மற்றொன்றைப் பொய் என்று தள்ளுதல் முறையன்று. ஆயினும் அந்தப் 16 மணி நேர அட்டவணையைப் படிக்கும் மாணவர், அவ்வரிசையில் நின்றோர் வேலை முடிந்து எத்தகைய உடல்நிலையில் விடுதிக்குத் திரும்பினர் என்று வினவ உரிமையுடையவர். அட்டவணையில் அதற்கெனக் கட்டம் ஏதும் இல்லை.