௵, ௴, ௳: நாமே அடிக்க முடியுமா?

கேள்வி: மகள் கல்யாணப் பத்திரிகையை எங்கள் ஊர் டி.டி.பி. சென்டரில் அடித்தோம். தாளில் ‘பராபவ ௵ ஆவணி ௴’ என்று அழகாக வந்தது. அதே வாசகத்தை ஃபைலிலிருந்து எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் எல்லாம் ஆங்கில எழுத்தும் புள்ளியுமாக நிற்கிறது. இந்தக் குறிகளை நானே அடிக்க வழி உண்டா? அப்பாவின் கரும்புக் கணக்கு நோட்டையும் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆசை. அதிலும் இப்படிக் குறிகள் நிறைய.
வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: தாராளமாக அடிக்கலாம். பத்திரிகை ஏன் அப்படி மாறியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த ஃபைலுக்குள் இருப்பது தமிழே இல்லை, ஆங்கில எழுத்துகளின் எண்கள். பழைய ஃபான்ட் அவற்றின் மேல் தமிழ் உருவத்தை வரைந்து காட்டியது. அந்த ஃபான்ட் உங்கள் போனில் இல்லாததால் உள்ளே இருந்த ஆங்கிலம் வெளியே வந்துவிட்டது. டி.டி.பி.காரரைக் குறை சொல்லாதீர்கள். அச்சகங்கள் காலங்காலமாக நம்பியிருந்த பேஜ்மேக்கர் சாஃப்ட்வேருக்கு, எல்லாக் கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடில் தமிழ் வராது.

யூனிகோடில் ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் உண்டு. ஒருமுறை கொடுத்த எண்ணை மாற்றவும் மாட்டார்கள், பிடுங்கவும் மாட்டார்கள். நீங்கள் கேட்ட குறிகள் 2003-இல் வெளிவந்த யூனிகோட் 4.0-இல் சேர்ந்தன. நாள் ௳ 3059, மாதம் ௴ 3060, வருடம் ௵ 3061. அப்பாவின் நோட்டுக்கு வேண்டியவை அடுத்தடுத்தே இருக்கின்றன: பற்று ௶ 3062, வரவு ௷ 3063, மேற்படி ௸ 3064, ரூபாய் ௹ 3065. நம் பக்கத்துக் கள்ளக்குறிச்சியில் பிறந்த உதயகுமார் வடிவமைத்த ₹ குறியை மத்திய அரசு ஏற்றது 2010 ஜூலையில். அதே ஆண்டு அக்டோபரில் அது யூனிகோடில் ஏறி 8377 என்ற எண்ணைப் பெற்றது. அதற்கு ஏழு வருடம் முன்பே தமிழ் ௹ அங்கே இடம்பிடித்துவிட்டது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? நம் கணக்குப்பிள்ளைகள் எழுதிய குறி அது. கட்டாயம் பயன்படுத்துங்கள்.

அடிக்கும் முறை இதுதான். வேர்டைத் திறந்து, நம்லாக்கைப் போட்டு, இடப்பக்க ஆல்ட்டை அழுத்தியபடியே வலப்பக்க எண்பலகையில் 3061 அடித்துக் கையை எடுங்கள். ௵ வந்து நிற்கும். மேலே வரிசையாக இருக்கும் எண்களில் அடித்தால் வராது. எண்பலகை இல்லாத லேப்டாப் என்றால், 0, பி, எஃப், 5 ஆகிய நான்கையும் ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் அடித்து, உடனே ஆல்ட்டுடன் எக்ஸை அழுத்துங்கள். 3061-ஐயே பதினாறின் அடுக்கில் எழுதிய உருவம் அது. கட்டம் தெரிந்தால் ஃபான்டை நிர்மலா அல்லது நோட்டோ தமிழுக்கு மாற்றுங்கள். போனில், ஒருமுறை காப்பி செய்த குறியைக் கீபோர்டின் பர்சனல் டிக்‌ஷனரியில் ‘வருசம்’ போன்ற சுருக்கச் சொல்லோடு சேமித்துவிட்டால் போதும்.

நோட்டில் முந்திரி, மா, காணி போன்ற பின்னக் குறிகளும் இருந்தால் வேலை கொஞ்சம் கூடும். அவை 2019 மார்ச்சில்தான் யூனிகோட் 12.0-இல் வந்தன. பின்னம், அளவை, பணம் எல்லாம் சேர்த்து 51 குறிகள். வரிசை 73664-இல் முந்திரியோடு தொடங்குகிறது. எண் 65535-ஐத் தாண்டிவிடுவதால் பழைய சாஃப்ட்வேர் தடுமாறும். சாதாரணத் தமிழ் ஃபான்டிலும் இவை இருக்காது. நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் என்ற இலவச ஃபான்டை இறக்கிக்கொள்ளுங்கள்.

சிலர் குறியைப் படமாக வெட்டி ஒட்டுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நாளைக்கு உங்கள் பேரன் ‘௷’ என்று தேடினால் வரவு வரிகள் எல்லாம் வந்து விழவேண்டும். படத்தை எழுத்தாகத் தேட முடியாது. அடித்து முடித்ததும் நோட்டின் பக்கங்களை ஸ்கேன் எடுத்து ஃபைலோடு சேர்த்தே வையுங்கள். கையெழுத்தில் ௳, ௴ இரண்டும் குழப்பும் இடங்களில் சரிபார்க்க அது வேண்டியிருக்கும்.