அடைபட்ட நீரின் அமுக்கம்

நம் நாட்டு விஞ்ஞான நூல்கள் 'அமுக்கம்' என வழங்குவதைத் தமிழக நூல்கள் 'அழுத்தம்' என்கின்றன. இரண்டும் நல்ல சொற்களே. ஆயினும், அமுக்கம் என்றவுடன் மேலிருந்து கீழ்நோக்கி அமுக்குவதென்றே மாணவர் கருதிவிடுகின்றனர். நீரோ கீழே மட்டுமன்றிப் பக்கங்களையும், அடைபட்ட கலத்தில் தன் தலைமேலுள்ள மூடியையுங்கூடத் தள்ளும்.

அமுக்கம் நீரின் ஆழத்தைப் பொறுத்ததேயன்றி அதன் அளவைப் பொறுத்ததன்று. 10 மீற்றர் உயரமுள்ள நீர்நிரல், தன் அடியில் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரையும் ஏறத்தாழ 1 கிலோகிராம் எடையளவு அமுக்கும். அது குளமாக அகன்றிருப்பினும் ஒடுங்கிய குழாயாக இருப்பினும் கணக்கு ஒன்றே. நம் துன்ஹிந்த நீர்வீழ்ச்சியின் உயரம் 64 மீற்றர். அவ்வளவு உயரமான குழாயொன்றை நீரால் நிரப்பி அடியை அடைத்தால், அங்கே சதுர சென்ரிமீற்றருக்கு 6 கிலோகிராமுக்கு மேல் அமுக்கம் நிற்கும்.

இனி, தொட்டியொன்றை நடுச்சுவரால் இரண்டு சம அறைகளாகப் பிரிப்போம். ஓரறையில் 2 மீற்றரும் மற்றதில் அரை மீற்றரும் நீர் நிற்கட்டும். சுவரின் அடியில் ஒருபுறம் 200 கிராமும் மறுபுறம் 50 கிராமும் அமுக்கும். சுவர் தாங்குவது இவற்றின் வேறுபாட்டையே. அடியில் ஊசித்துளை ஒன்று விழுந்தாற் போதும். இரண்டும் ஒன்றேகால் மீற்றரில் வந்து நிற்கும்வரை நீர் ஓடிக்கொண்டேயிருக்கும். துளையின் சிறுமை காலத்தைத்தான் நீட்டுமேயன்றி முடிவை மாற்றாது.

தோட்டத்தில் வளர்ந்தோர்க்கு இது புதிதன்று. மலையுச்சி ஊற்றிலிருந்து மேற்கணக்கு வழியாகக் கீழ்க்கணக்கு லயங்களுக்கு ஒரே குழாய் இறங்கும்போது, பகலில் எல்லாரும் பீலியைத் திறந்திருக்கையில் கீழே அமுக்கம் குறைந்திருக்கும். இரவில் அனைத்தும் மூடப்பட்டபின் உச்சி முதல் அடிவரையுள்ள முழு உயரமும் கீழ்க்குழாயின்மேல் வந்து நிற்கும். குழாய் வெடிப்பது பெரும்பாலும் அந்நேரத்திலேதான். இதற்காகவே இடையிடையே அமுக்கம் தணிக்கும் தொட்டிகளைக் கட்டுகின்றனர். நீர் அங்கே காற்றைக் கண்டு, அதுவரை சேர்த்த அமுக்கத்தை இழந்து, பூச்சியத்திலிருந்து மீண்டும் தொடங்கும்.

இத்தொட்டியின் மூடியைத் தவளையும் அட்டையும் புகாதிருக்கச் சீமெந்து பூசிக் காற்றுப்புகாமல் அடைத்துவிட எண்ணுவாரும் உளர். நோக்கம் நன்று, விளைவு பொல்லாதது. காற்றுக்குழாயும் வழிந்தோடும் வாயும் அடைபட்டால், நிரம்பிய தொட்டி தொட்டியாக இராது. குழாயின் ஓர் உறுப்பாகிவிடும். ஊற்று 30 மீற்றர் மேலேயிருப்பின், கீழ்வாய்கள் மூடிய வேளையில் ஒரு சதுர மீற்றர் மூடியை ஏறத்தாழ 30,000 கிலோகிராம் எடை கீழிருந்து தள்ளும். எந்தக் கொத்தனாரின் பூச்சு அதற்கு ஈடுகொடுக்கும்? காற்றுக்குழாயின் வாயில் நுண்வலை கட்டினால் அட்டையும் வாராது, அமுக்கமும் சேராது.

மனிதர் கட்டாத கலங்களும் உண்டு. ஊவா மலைகளின் கடும்பாறையிலுள்ள பிளவுகளில் நிலத்தடிநீர் அறையறையாகத் தங்கி நிற்கின்றது. உமா ஓயாத் திட்டத்திற்காக 15 கிலோமீற்றருக்கு மேல் நீளமான சுரங்கம் குடையப்பட்டபோது, 2014ஆம் ஆண்டின் இறுதியில் அத்தகைய பிளவுநீர் பேரளவில் உள்ளே பாய்ந்தது. நடுச்சுவரின் ஊசித்துளையை இங்கே நினைவுகூர்க. சுரங்கத்தினுள் இருந்தது காற்றின் அமுக்கம் மட்டுமே. பாறைப்பிளவில் நின்றதோ உயர்ந்த நீர்நிரலின் அமுக்கம். ஆகவே நீர் கீழிறங்க, மேலே பண்டாரவளைப் பகுதியில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. நீர் நீங்கிய மண் தன் தாங்குதலை இழந்து அமிழும் என்பதை எண்ணின் வெடிப்பின் காரணமும் விளங்கும். 2017இல் மக்கள் வீதிக்கு இறங்கிப் போராடினர்.

சுரங்கத்தின் உட்புறத்தைக் கொங்கிறீற்றால் மூடியும், பிளவுகளிற் சீமெந்துக் கூழைச் செலுத்தியும் துளை அடைக்கப்படும். ஆயினும் அடைத்த மறுநாளே கிணறு ஊறிவிடாது. கடும்பாறையில் மழைநீர் மெல்லவே இறங்கும். 2024 ஏப்ரல் 24ஆம் நாள் அத்திட்டம் திறந்துவைக்கப்பட்டது. இன்று அங்கே நீர் 600 மீற்றருக்கு மேற்பட்ட நிலைக்குத்துக் குழியில் இறங்கி, 120 மெகாவாற்று மின்னிலையத்தின் சுழலிகளைச் சுற்றுகின்றது. அக்குழியின் அடியில் சதுர சென்ரிமீற்றருக்கு எத்தனை கிலோகிராம் என்பதை மாணவர் கணித்துக்கொள்வாராக.