வாய்ப்புண்: எத்தனை நாள் பொறுக்கலாம்?

வலிக்கும் வாய்ப்புண்ணுக்கு எங்களிடம் விரைந்து வருவோர், வலியில்லாத புண்ணைக் காலந்தாழ்த்தியே காட்டுகின்றனர். அஞ்சத்தக்கது பெரும்பாலும் இரண்டாவதே.

உதட்டின் உட்புறத்திலோ நாக்கின் ஓரத்திலோ, வெளிறிய நடுவும் சிவந்த விளிம்பும் கொண்டு தோன்றும் சிறு புண் மிகவும் வலிக்கும். ஆயினும் பிறருக்குத் தொற்றாது. பல்லால் கடிபடுதல், மன உளைச்சல், இரும்புச்சத்து அல்லது வைட்டமின் பி12 குறைவு ஆகியவை இதனைத் தூண்டும். பொதுவாக 7 முதல் 14 நாள்களில் தானே ஆறிவிடும். அதுவரை காரம், புளிப்பு, மிகுசூடு ஆகியவற்றைத் தவிர்த்து, வெதுவெதுப்பான உப்புநீரால் வாய் கொப்பளித்து வருக. மணத்தக்காளிக் கீரை உண்பதில் தவறில்லை; அதனை மட்டும் நம்பி வாரக்கணக்கில் காத்திருத்தல் ஆகாது.

ஸ்ரீவைகுண்டம் அமைந்துள்ள தாமிரபரணிக் கரை, வெற்றிலைக்குப் பெயர்பெற்றது. ஆத்தூர் வெற்றிலை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. நாம் அஞ்சவேண்டியது வெற்றிலையுடன் சேரும் பாக்கையும் புகையிலையையுமே. இரண்டும் வாய்ப்புற்றை விளைவிப்பவை. தொடக்கநிலைப் புற்றுப்புண் பலருக்கு வலிப்பதில்லை.

ஆகவே இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண், வெண்திட்டு, செந்திட்டு, தடிப்பு, வாய் திறப்பதில் இறுக்கம் ஆகியவற்றுள் ஒன்று காணினும் தாமதமின்றி வருக. வீட்டுப் பெரியவர்களின் வாயை மாதம் ஒருமுறை பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் குணப்படுத்தும் வாய்ப்பு மிகுதி.