பயிர்க்காவலுக்கான மருந்துத் துப்பாக்கியும் சட்ட விதிகளும்

காட்டோரக் கிராமங்களில் நிலக்கடலை, மரவள்ளி, சோளம் முதலிய பயிர்களைப் பன்றிகளினின்று காக்கும் பொருட்டுக் குடியானவர்கள் வைத்திருப்பது பெரும்பாலும், குழலின் வாய் வழியே கரிமருந்தும் ரவையும் இட்டுக் கோலால் கெட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கியேயாகும். பாட்டனார் காலத்துத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டுவதில்லை என்ற எண்ணம் பல ஊர்களில் நிலவுகிறது. இது தவறு. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் தனது 45-வது பிரிவில் பழைய மாதிரி ஆயுதங்களுக்கு விலக்களிப்பது மெய்யே. ஆயின், பழுது பார்த்தாலும் சுட இயலாதபடி போய்விட்ட ஆயுதத்திற்கே அவ்விலக்குப் பொருந்தும். துருவைத் துடைத்துச் சிறிது சீர்செய்தால் சுடக்கூடியது எதுவும், அழகுக்காகச் சுவரில் மாட்டியிருப்பினும், துப்பாக்கியே. அதை லைசென்ஸின்றி வைத்திருப்போருக்கு, 2019-ல் செய்த திருத்தப்படி, 2 ஆண்டுக்குக் குறையாமல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

லைசென்ஸ் பெறும் விஷயத்தில் சட்டம் விவசாயிக்கு அனுகூலமாகவே இருக்கிறது. மெய்யாகவே பயிர்க்காப்புக்கென மருந்துத் துப்பாக்கி கோருவோருக்கு, மறுப்பதற்குச் சட்டத்தில் கண்ட காரணம் இல்லாதவிடத்து, லைசென்ஸ் அளித்தல் வேண்டுமென 13-வது பிரிவு கூறுகிறது. மனுதாரருக்கு 21 வயது நிரம்பியிருத்தல் அவசியம். சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குட்பட்ட ஊர்களில், தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன்சம்மதமின்றிப் புது லைசென்ஸ் கிடையாது.

துப்பாக்கியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் கொண்டு செல்லும்போதே பெரும்பாலோர் இடர்ப்படுகின்றனர். லைசென்ஸில் குறித்த எல்லைக்கு வெளியே அதனைக் கொண்டு போகலாகாது. பொதுவழியில் உறையிட்டே கொண்டு செல்லுதல் வேண்டும். திருவிழாவுக்கும் ஊர்வலத்துக்கும் எடுத்துச் செல்லுதல் கூடாது. பாதை சரணாலயத்தினூடே செல்லுமாயின், எழுத்து மூலமான அனுமதியின்றி ஆயுதத்துடன் உட்புகுதல் தனிக்குற்றம். சுற்று வழியானாலும் வேறு பாதையிற் செல்வதே நலம்.

பழுது பார்க்கவோ, லைசென்ஸைப் புதுப்பிக்கவோ நிலச்சொந்தக்காரர் தாமே செல்லாமல் பண்ணையாளிடம் துப்பாக்கியைக் கொடுத்தனுப்புவது வழக்கம். இதற்கு 3-வது பிரிவு இடந்தருகிறது. ஆனால் லைசென்ஸ்தாரர் உடனிருக்க வேண்டும், அல்லது அவர் கைப்பட எழுதிய அதிகாரக் கடிதம் கொண்டு செல்பவரிடம் இருக்கவேண்டும். லைசென்ஸ் எண், துப்பாக்கியின் அடையாளம், போகும் காரியம், தேதி ஆகியவற்றை அதிற் குறித்தல் நன்று. சந்தேகத்துக்கிடமாக ஆயுதம் கொண்டு செல்வோரைப் போலீஸார் மட்டுமன்றி, ஏனைய அரசாங்க ஊழியரும், ரயில், பஸ் முதலியவற்றில் வேலை பார்ப்போருங்கூடப் பிடிக்கலாம். நான்கு வரி எழுத எஜமானர் சோம்பியதற்காகக் கூலியாள் சிறை காண்பது எவ்விதத்திலும் நியாயமன்று. இக்கடிதம் இரவுக் காவலுக்குச் செல்லாது என்பதையும் அறிதல் வேண்டும். லைசென்ஸில் பெயர் சேர்க்கப்படாத ஆளைத் துப்பாக்கியுடன் தனியே பரணுக்கு அனுப்பலாகாது.

பழுது பார்ப்பதும் லைசென்ஸ் பெற்றவரிடமே. உள்ளூர்க் கொல்லர் உதவியாகச் செய்து கொடுத்தாலும், அவருக்கு 7 ஆண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனை நேரக்கூடும்.

லைசென்ஸ்தாரர் இறந்தால் வாரிசுகள் துப்பாக்கியைத் தாமதமின்றிப் போலீஸ் ஸ்டேஷனிலோ, லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது பெற்று, பின்னர் தம் பெயருக்கு மனுச் செய்தல் வேண்டும். மரணப் பதிவுக்கு வரும் குடும்பத்தாரிடம் கிராம அதிகாரிகள் இதனை அப்பொழுதே எடுத்துச் சொல்வது பேருதவியாகும். துக்க வீட்டில் துப்பாக்கியை நினைப்பவர் எவருமிலர்.

லைசென்ஸ் வேறு, சுடுவதற்கான அனுமதி வேறு. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பயிரழிக்கும் பன்றியைச் சுடவும் தலைமை வன உயிரினக் காப்பாளர் அல்லது அவரால் அதிகாரமளிக்கப்பட்டவரின் எழுத்து மூலமான உத்தரவு வேண்டும். மயில், யானை ஆகியவற்றைப் பயிர்ச்சேதத்தின் பொருட்டுச் சுட அனுமதியே இல்லை. உத்தரவின்படி சுட்ட பிராணியும் அரசாங்கச் சொத்தாதலின், அதன் இறைச்சியைப் பங்கிடாமல், 48 மணி நேரத்துக்குள் போலீஸ் ஸ்டேஷனுக்கோ வன அதிகாரிக்கோ தகவல் கொடுத்தல் வேண்டும்.